கித்தான் கூரைக்குள் கதகதப்பு... காற்று வரும் வழி சரியா?

நவம்பர் 11. அமெரிக்காவில் அன்று முன்னாள் படைவீரர் தினம். மினசோட்டா போன்ற வட மாநிலங்களில் அப்போதே குளிர் கடிக்கத் தொடங்கியிருக்கும். சிற்றூரின் கடைத்தெருவில் பேண்டு வாத்தியம், கொடிகள், அவற்றுக்குப் பின்னால் வரிசையாகப் பழைய ராணுவ வண்டிகள்.

அந்த வரிசையில் பச்சை நிற லாரி ஒன்று ஊர்ந்து வருவதாக வைத்துக்கொள்வோம். கூரை வெறும் கித்தான் துணி. ஓட்டுபவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பக்கத்தில் அவருடைய சித்தப்பா, எண்பதைக் கடந்த முன்னாள் சிப்பாய். இருவருக்கும் நடுவே கம்பளித் தொப்பி போட்ட ஏழு வயதுப் பேத்தி. வெளியே மைனஸ் 5 டிகிரி. நடக்கும் வேகத்தில் ஒரு மணி நேரம் போயாக வேண்டும்.

"தாத்தா, ஹீட்டர் போடுங்களேன்!"

தாத்தா கையை நீட்டி சுவிட்சைத் தட்டுகிறார். மின்விசிறி முனகுகிறது. காலடியிலிருந்து காற்று வருகிறது. அந்தக் காற்று எங்கிருந்து, எதைத் தொட்டு வருகிறது? பழைய ராணுவ வண்டி வைத்திருப்பவர்கள் ஊர்வலத்துக்கு முன்பே விடை தெரிந்து வைத்திருக்க வேண்டிய கேள்வி இது.

இரண்டரை டன் பெரியவர்

அந்த லாரியின் ராணுவப் பெயர் எம்35. ரியோ நிறுவனம் வடிவமைத்து, 1950-ல் சேவைக்கு வந்த வண்டி. கரடுமுரடான பாதையில் இரண்டரை டன் சுமை ஏற்றலாம் என்பதால் சிப்பாய்கள் வைத்த செல்லப் பெயர் 'டியூஸ் அண்ட் எ ஹாஃப்', அதாவது 'ரெண்டரை'. காலியாக நின்றாலே சுமார் 6 டன் எடை. பல பதிற்றாண்டுகள் உழைத்த பிறகு, ராணுவம் இவற்றை ஏலத்தில் கழித்துவிட, பொதுமக்கள் வாங்கிக்கொண்டார்கள். இன்று விவசாயிகள், மெக்கானிக்குகள், ஓய்வுபெற்றவர்கள் எனப் பலர் வீட்டுக் கொட்டகையில் 'ரெண்டரை' நிற்கிறது.

இந்த லாரிகள் எல்லாவற்றிலும் ஹீட்டர் கிடையாது. குளிர்ப் பிரதேசத்துக்குப் போகும் வண்டிகளுக்கு மட்டும் தனிப் பெட்டியில் வந்த உதிரிபாகங்களைக் கொண்டு பொருத்தினார்கள். அதனால் ஏலத்தில் வாங்கியவருக்கு ஹீட்டர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அல்லது முந்தைய உரிமையாளர் எங்கிருந்தோ கழற்றி வந்து மாட்டியதாகவும் இருக்கலாம். இந்த மூன்றாவது வகையிடம்தான் கூடுதல் கவனம் தேவை.

குளிர் எதை எடுத்துக்கொள்ளும்?

வண்டிக்குள் சூடு என்பது சொகுசு என்று தோன்றலாம். 1950-ம் ஆண்டின் நவம்பர், டிசம்பர் மாதங்களில், வட கொரியாவின் சோசின் ஏரிப் பகுதியில் போரிட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இரவில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போனது. ரத்த பிளாஸ்மா பாட்டிலிலேயே உறைந்தது. காயம்பட்டவர்களுக்குப் போட வேண்டிய மார்ஃபின் ஊசிக் குழாய்களை, மருத்துவ உதவியாளர்கள் தங்கள் வாய்க்குள் வைத்து உருக்கினார்கள். எஞ்சினை அணைத்தால் மறுபடி உயிர் பெறாது என்ற பயத்தில், இரவில் அவ்வப்போது ஓடவிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

விரல் விறைத்தால் கியர் பிடிக்க முடியாது. கண்ணாடியில் உறைபனி படிந்தால் பாதை தெரியாது. இரண்டாவது விஷயம் நமக்கும் பழக்கமானதுதான். மழை நாளில் பேருந்து முன்கண்ணாடி மங்கிப்போக, டிரைவர் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டுவதைப் பார்த்திருப்போம். நம் மூச்சிலிருக்கும் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீர்த்துளியாகப் படிகிறது. மைனஸ் 10 டிகிரியில் அதே ஈரம் உள்பக்கமே பனிக்கட்டியாகிவிடும். துடைத்தால் போகாது, சுரண்ட வேண்டும். எனவே ஹீட்டரின் முதல் வேலை கண்ணாடியைக் காப்பது. காலைக் காப்பது அதற்கு அடுத்ததுதான்.

தண்ணீர் வழிச் சூடு

எம்35 லாரியில் பரவலாகக் காணப்படுவது வெந்நீர் ஹீட்டர். தத்துவம் எளியது. எஞ்சினைக் குளிர்வித்துச் சூடாகிவிட்ட கூலன்ட் திரவம், ஒரு ரப்பர் ஹோஸ் வழியாகச் சின்ன ரேடியேட்டர் ஒன்றுக்குள் போகிறது. இதற்கு ஹீட்டர் கோர் என்று பெயர். அதன் மீது மின்விசிறி காற்றை ஊதுகிறது. சூடான காற்று ஒரு பக்கம் காலடிக்கும், இன்னொரு பக்கம் கண்ணாடிக்கும் பிரிகிறது. ஆறிய திரவம் மற்றொரு ஹோஸ் வழியாக எஞ்சினுக்குத் திரும்புகிறது.

ஹீட்டர் சூடாகவில்லை என்றால் அனுபவசாலிகள் முதலில் செய்வது, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு, இரண்டு ஹோஸ்களையும் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பார்ப்பது. சுழலும் விசிறி, பெல்ட் பக்கம் கையும் சட்டையும் போகக் கூடாது.

இரண்டும் நல்ல சூடு என்றால் கோர் சரியாக இருக்கிறது. கோளாறு மின்விசிறியிலோ, காற்றுக் குழாயிலோ இருக்கிறது. ஒன்று சூடு, ஒன்று குளிர்ச்சி என்றால் கோர் அடைத்திருக்கிறது, அல்லது உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. இரண்டுமே வெதுவெதுப்புதான் என்றால் ஹீட்டர் மேல் பழி போடக் கூடாது. எஞ்சினே சூடாகவில்லை.

எஞ்சின் சூடாகாததற்குப் பெரும்பாலும் காரணம் தெர்மோஸ்டாட். எஞ்சின் சூடேறும்வரை பெரிய ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைக்கும் சின்ன வால்வு இது. திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால் திரவம் சூடேறவே ஏறாது. சோதனையைச் சமையலறை அடுப்பிலேயே செய்யலாம். ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்க வேண்டும். அதன் மேல் பொறித்திருக்கும் வெப்பநிலை நெருங்கும்போது அது மெல்லத் திறக்க வேண்டும். அடுப்பில் வைக்கும் முன்பே திறந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். (அந்தப் பாத்திரம் மறுபடி சமையலுக்கு வேண்டாம்!)

டீசல் வகை எஞ்சின்களுக்கு இன்னொரு குணம் உண்டு. சும்மா நிற்கும்போது அவை அதிகம் சூடாவதில்லை. ஊர்வலம் போல ஊர்ந்து போகும்போது வந்த சூடும் குறையும். அதற்குத்தான் ராணுவமே ரேடியேட்டர் முன்னால் மாட்டுவதற்கு ஒரு கித்தான் போர்வை கொடுத்தது. தேவைக்கேற்ப மடலைத் திறந்து மூடிக்கொள்ளலாம். போர்வை போட்டால் வெப்பமானி முள்ளின் மேல் ஒரு கண் இருக்க வேண்டும், அவ்வளவே.

அடைப்பு எடுப்பது எப்படி?

கோர் அடைத்திருந்தால் எதிர்த்திசையில் கழுவ வேண்டும். திரவம் வழக்கமாக வெளியேறும் முனையில் தோட்டத்து ஹோஸை வைத்து, உள்ளே வரும் முனை வழியாகத் தண்ணீரை வெளியே விடுவது. முதலில் துரு கலந்த காவி நிறத்தில் வரும். தெளிவாக வரும்வரை விட வேண்டும். அழுத்தம் குறைவாக இருப்பது முக்கியம். இந்தக் கோர்கள் செம்பு, பித்தளையால் ஆகி, ஈயப்பற்று வைத்து ஒட்டப்பட்டவை. வயதான ஒட்டு வேகத்தைத் தாங்காது.

கோரில் சொட்டுக் கசிவு இருந்தால் 'ஊற்றினால் ஓட்டை அடைக்கும்' திரவங்களை நாடத் தோன்றும். அவை ஓட்டையோடு சேர்த்து கோரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடக்கூடும். பித்தளைக் கோரை ரேடியேட்டர் பட்டறையில் கொடுத்தால் மறுபடி பற்று வைத்துத் தருவார்கள். பழைய பொருளில் உள்ள பெரிய வசதி அது.

கசிவு சின்னதாக இருந்தாலும் அலட்சியம் கூடாது. கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் பசை போல ஒரு படலம், இனிப்பான வாசனை, காலடியில் ஈரம். இந்த மூன்றும் கோர் கசிவதன் அறிகுறிகள். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். தரையில் சிந்தியதை நாய், பூனை நக்கினால் உயிருக்கே ஆபத்து. குழந்தைகளுக்கும் அப்படியே. வடிக்கும்போது மூடியுள்ள பாத்திரத்தில் பிடித்து, தரையை உடனே கழுவிவிட வேண்டும்.

கூலன்ட் கலப்பதில் பலர் செய்யும் தவறு ஒன்று. 'தண்ணீர் கலந்தால்தானே உறையும், முழுக்கக் கிளைக்காலையே ஊற்றிவிட்டால்?' என்று நினைப்பார்கள். தூய எத்திலீன் கிளைக்கால் சுமார் மைனஸ் 13 டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும். அதில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால்தான் மைனஸ் 37 வரை தாங்கும். தண்ணீரும் காய்ச்சி வடித்ததாக இருந்தால் குழாயில் உப்புப் படியாது. எந்த வகை கூலன்ட் என்பதிலும் பழைய வண்டிக்கு ஏற்றதைக் கேட்டு வாங்க வேண்டும். ஈயப்பற்று வைத்த செம்பு, பித்தளைக்குப் பொருந்தும் என்று புட்டியில் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

புதிதாக நிரப்பும்போது ஹீட்டர் வால்வைத் திறந்தே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கோருக்குள் காற்று தங்கிவிடும். வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி மேட்டில் நிறுத்தி நிரப்பினால் காற்று வெளியேறுவது சுலபம்.

ஹோஸ்களைப் பொறுத்தவரை, அமுக்கிப் பார்த்து முடிவு செய்யலாம். கொழகொழவென்றோ, கல் போன்றோ இருந்தால் மாற்ற வேண்டும். ஒன்று போய்விட்டது என்றால் கூடப்பிறந்தவையும் அதே வயதுதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது மலிவு.

எலி வளையும் 24 வோல்ட்டும்

கொட்டகையில் பல மாதங்கள் நிற்கும் வண்டியின் ஹீட்டர் பெட்டி எலிகளுக்குப் பிடித்த பிரசவ அறை! இருட்டு, காய்ந்த இடம், பூனை நுழைய முடியாத குழாய். விசிறியைப் போட்டதும் பஞ்சும் வைக்கோலும் பறந்து வந்தாலோ, பொசுங்கிய வாசனை வந்தாலோ உடனே அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறக்க வேண்டும். வட அமெரிக்காவில் சில வகைக் காட்டெலிகளின் எச்சத்திலிருந்து ஹன்டா என்ற ஆபத்தான வைரஸ் பரவக்கூடும். காய்ந்த எச்சத்தைப் பெருக்குவதோ, காற்றால் ஊதுவதோ கூடாது. கிருமிநாசினி கலந்த நீரால் நன்றாக நனைத்து, கையுறை, முகக்கவசத்துடன் துடைத்து எடுக்க வேண்டும்.

பழைய ஹீட்டர் குழாய்களின் உறையிலும் கேஸ்கெட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. சந்தேகமான நார்ப்பொருளைச் சுரண்டித் தூசி கிளப்பாமல், தெரிந்தவர்களிடம் விட்டுவிடுவது நுரையீரலுக்கு நல்லது.

மின்விசிறி மோட்டார் 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து ஓடுகிறது இந்த லாரி. உள்ளூர்க் கடையில் கிடைக்கும் கார் ஹீட்டர் மோட்டாரை அப்படியே மாட்டினால் புகைதான் வரும். மோட்டார் சுற்றவில்லை என்றால் உடனே தூக்கிப்போட வேண்டாம். ராணுவ வண்டிகளில் பல மின்கருவிகளுக்கு வண்டியின் உடம்பேதான் திரும்பும் கம்பி. போல்ட்டுக்கு அடியில் மூன்று அடுக்குப் பெயின்ட்டும் துருவும் இருந்தால் மின்சாரம் திரும்ப வழியில்லை. அந்த இடத்தைப் பளபளவென்று சுரண்டி மறுபடி முடுக்கினாலே பல மோட்டார்கள் பிழைத்துக்கொள்ளும். அதற்கும் மசியாவிட்டால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

கண்ணாடிக்கும் காலுக்கும் காற்றைப் பிரிக்கும் மடல், ஒரு கம்பியால் இழுக்கப்படுகிறது. அது இறுகிப்போனால் பலமாக இழுப்பதில் பயனில்லை. மசகு எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட்டு, மெல்ல ஆட்டிப் பழக்க வேண்டும்.

நெருப்பு வழிச் சூடு: இங்கேதான் உஷார்!

இதுவரை பார்த்த கோளாறுகளில் மிஞ்சிப்போனால் குளிரும், நனையும். அடுத்த வகை அப்படியல்ல.

எஞ்சின் சூடாகும்வரை காத்திருக்க முடியாத கடுங்குளிர்ப் பகுதிகளுக்காக, பெட்ரோலைத் தானே எரித்துச் சூடு தரும் ஹீட்டர்கள் இருந்தன. சிகாகோவின் ஸ்டூவர்ட் வார்னர் நிறுவனம் தயாரித்த 'சவுத் விண்ட்' ஹீட்டர் இதில் புகழ்பெற்றது. மூடிய உலோக அறைக்குள் எரிபொருள் எரியும். புகை தனிக் குழாய் வழியாக வண்டிக்கு வெளியே போகும். அந்த அறையின் வெளிச்சுவரைத் தொட்டுச் சூடாகும் காற்று மட்டும் மனிதர்கள் இருக்கும் இடத்துக்கு வரும்.

ஆக, புகைக்கும் பேத்தியின் மூச்சுக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய தகடு. அதன் வயது அரை நூற்றாண்டுக்கு மேல்!

அந்தத் தகட்டில் மயிரிழை விரிசல் விழுந்தால் உள்ளே வருவது கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக இதைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, குமட்டல், தூக்கம். 'நீண்ட பயணம், களைப்பு' என்று நினைக்கத் தோன்றும். வண்டியில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால், இறங்கியதும் அது குறைந்தால், அது களைப்பில்லை. உடனே ஹீட்டரை அணைத்து, எல்லோரும் வெளிக்காற்றுக்கு வந்து, மருத்துவ உதவி தேட வேண்டும்.

கித்தான் கூரைதானே, காற்று வந்து போகுமே என்று அசட்டையாக இருக்கக் கூடாது. குளிர் தாங்காமல் இடுக்கெல்லாம் துணியைத் திணிப்பதும் அதே குளிர் நாளில்தான்.

இந்த வகை ஹீட்டர் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியவை தெளிவானவை. பருவம் தொடங்கும் முன் கழற்றி, எரியறையின் கரியைச் சுத்தம் செய்து, பற்றவைக்கும் பிளக்கைப் பார்க்க வேண்டும். பிறகு எரியறையின் வழிகளை அடைத்து, குறைந்த அழுத்தத்தில் காற்று ஏற்றிக் கசிகிறதா என்று சோதிக்க வேண்டும். அமெரிக்காவில் சிறு விமானங்களில் இருக்கும் எரிபொருள் ஹீட்டர்களுக்கு இப்படிப்பட்ட அழுத்தச் சோதனையைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. லாரிக்குக் கட்டாயப்படுத்த ஆளில்லை என்பதால், உரிமையாளர் தனக்குத் தானே கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. விரிசல் இருந்தால் ஒட்டுப்போட்டுச் சமாளிக்காமல், அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும்.

புகைக்குழாய் வண்டியின் உடம்பைத் தாண்டி வெளியே நீள்கிறதா, எரிபொருள் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியவை. அணைக்கும்போது ஒரு ஒழுங்கு உண்டு. ஹீட்டர் சுவிட்சை அணைத்த பின்னும் உள்ளே இருக்கும் சூட்டை வெளியேற்ற விசிறி சற்று நேரம் ஓடும். அதற்குள் பேட்டரியின் மெயின் சுவிட்சை அணைத்தால் உட்பாகங்கள் வெந்துபோகும். கைக்கு எட்டும் தூரத்தில் தீயணைப்பான், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம். இரண்டும் இல்லாமல் இந்த ஹீட்டரைப் பற்றவைக்கவே கூடாது.

வெந்நீர் ஹீட்டர்காரர்களுக்கும் அந்த அலாரம் தேவை. சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்து, வண்டித் தளத்திலும் ஓட்டை இருந்தால் அதே விஷவாயு வேறு வாசல் வழியாக வரும். ஹீட்டர் விசிறி அதை உள்ளே இழுத்துக் கொடுக்கும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டரைச் சோதிப்பதும் இதே காரணத்தால் தவறு.

படக்கதை சொன்ன பாடம்

பராமரிப்பு அலுப்பான வேலை என்பது அமெரிக்க ராணுவத்துக்கு நன்றாகத் தெரியும். தடித்த கையேடுகளை இளம் சிப்பாய்கள் புரட்டுவதில்லை. எனவே 1951-ல் 'பி.எஸ்.' என்ற மாத இதழைத் தொடங்கியது. அதன் ஓவியப் பொறுப்பை ஏற்றவர், 'தி ஸ்பிரிட்' படக்கதை மூலம் பெயர் பெற்ற வில் ஐஸ்னர். 1971 வரை சுமார் இருபது ஆண்டுகள் அந்தப் பணியில் இருந்தார். போல்ட்டை எப்படி முடுக்குவது, பேட்டரியை எப்படிப் பார்ப்பது என்பதையெல்லாம் கேலிச்சித்திரங்களாகச் சொன்னது அந்தச் சிற்றிதழ்.

பழுதான பின் சரிசெய்வதைவிட, பழுதாகும் முன் பார்ப்பது என்பதுதான் அதன் ஒரே கொள்கை. இன்றைய உரிமையாளர்களுக்கும் அதுவே போதும். கோடையின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஹீட்டருக்கு ஒதுக்குவது. ஹோஸ், கோர், தெர்மோஸ்டாட், கூலன்ட், மின்விசிறி, குழாய், அலாரத்தின் பேட்டரி. ஒவ்வொன்றையும் பார்த்த தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, டாஷ்போர்டு பெட்டியில் வைப்பது. லாரி நாளை வேறு கைக்குப் போனாலும் அந்த நோட்டு கூடவே போகும். முன்பு யாரோ எதையோ மாட்டியிருந்த வண்டிக்கு, யார் என்ன செய்தார்கள் என்ற வரலாறு கிடைக்கும்.

அந்த நவம்பர் காலையில், மினசோட்டா கடைத்தெருவில், தாத்தா சுவிட்சைத் தட்டும்போது அவருக்குத் தயக்கம் இருக்காது. போன செப்டம்பரில் கோரைக் கழுவியவர் அவர்தான். சைலன்சர் குழாயை டார்ச் அடித்துப் பார்த்ததும் அவர்தான். அலாரத்தின் சின்னப் பச்சை விளக்கு எரிகிறது. கண்ணாடியின் அடியில் இரண்டு பிறைகளாகத் தெளிந்து, மெல்ல மேலே ஏறுகிறது.

"இப்போ தெரியுதா கண்ணு?" என்கிறார் சித்தப்பா.

பேத்தி தொப்பியைக் கழற்றிவிட்டு, தெருவோரம் நிற்பவர்களுக்குக் கையசைக்கிறாள்.